பதிமூன்றாம் நம்பர் சிடி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தேவநாதனுக்கு நாற்பத்தேழு வயதாகிறது. அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் பஸ் போர்டைப் படிப்பது அவர் புண்ணியத்தில்தான். ஊருக்கெல்லாம் கண் கொடுத்த மனுஷர் கண்ணில் ஒரே ஒரு பொருள் மட்டும் இத்தனை வருடமாக அகப்படவில்லை. 'சனிக்கோள் நிலையம்' என்ற டிவி தொடரின் பதிமூன்றாம் நம்பர் சிடிதான் அது.

அந்தத் தொடரை ஞாபகம் வைத்திருப்பவர்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம், அதற்கு ஒரு கை போதும். இரண்டாயிரமாவது வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. சனிக்கோளைச் சுற்றும் ஒரு விண்வெளி நிலையம், அதில் ஆறு தமிழர்கள், அவர்களுக்குத் தலைவி கேப்டன் நாச்சியார். நிலையம் என்று காட்டியது கவிழ்த்து வைத்த இட்லிக் குண்டானை. கட்டுப்பாட்டு அறையில் மூன்று வோல்டேஜ் ஸ்டெபிலைசர்களை அடுக்கியிருந்தார்கள். ஆக்சிஜன் போன குழாய் கேஸ் அடுப்பு டியூப். விண்கல் மோதினால் கேமராவைப் பிடித்து ஆட்டுவார்கள், ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் விழுவார்கள், அதில் ஒருத்தர் மட்டும் எப்போதும் கொஞ்சம் லேட்டாக விழுவார். இதைச் சொல்லி தேவநாதனிடம் சிரித்துவிடாதீர்கள். "குண்டான்னு தெரியுது இல்ல? தெரிஞ்சும் பயந்தியா இல்லியா? அதாய்யா டைரக்‌ஷன்" என்பார்.

மொத்தம் இருபத்தாறு வாரம். இருபத்துநாலு வாரம் அவர் ஒரு நிமிடம்கூட விடாமல் பார்த்தார். இருபத்துநாலாவது வாரக் கடைசியில் நிலையத்தில் மிச்சமிருக்கும் எரிபொருள் ஒரே ஒரு தடவை பூமிக்கு வரத்தான் காணும் என்கிற நிலைமை. நாச்சியார் கதவுப் பொத்தானில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். வரப்போகிறாளா, அங்கேயே இருந்துவிடப் போகிறாளா? தொடரும் என்று போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அக்கா மகன் அருண்குமாருக்குத் திருவந்திபுரத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மடியை மட்டும் அனுப்பிவிட்டு ஆள் வீட்டில் இருக்க முடியாது. அதற்கும் அடுத்த ஞாயிறு புயல். மூன்று நாள் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது தொடர் முடிந்துபோயிருந்தது.

மூன்று வருடம் கழித்து மெட்ராஸில் ஏதோ ஒரு சின்ன கம்பெனி அந்தத் தொடரை சிடியாகப் போட்டது. ஒரு சிடிக்கு இரண்டு பகுதி, ஆகப் பதிமூன்று சிடி. போட்ட கையோடு கம்பெனியையும் காணோம். தேவநாதன் வேட்டையில் இறங்கினார். பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையில் நாலு கிடைத்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு. லால்பேட்டையில் துபாய் போய் வந்த ஒருவர் வீட்டுப் பரணில் மூன்று. மற்ற மூன்றும் எப்படி வந்தன என்பதை அவர் அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. வந்த சிடியைக் கடை லென்சுக்கு அடியில் வைத்துக் கீறல் பார்ப்பார். கண்ணாடி துடைக்கும் மருந்தைத் தொட்டு நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைப்பார். வட்டமாகத் துடைப்பவனை அவர் மனுஷனாகவே மதிக்க மாட்டார்.

யூட்யூபில் தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினார். யாரோ ஒரு புண்ணியவான் முதல் பகுதியை டிவிக்கு எதிரே போனைப் பிடித்து எடுத்துப் போட்டிருந்தான்; அதில் நாச்சியார் பேசியதைவிட அவன் வீட்டு ஃபேன் பேசியதுதான் ஜாஸ்தி. வாட்சப்பில் ரசிகர் குழு ஒன்று உண்டு. ஐந்து நம்பர், அதில் இரண்டு தேவநாதனுடையது.

போன மாசியில் ஒரு கூத்து நடந்தது. கீரப்பாளையம் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் ஓர் உளுந்து வயலைப் பார்த்துவிட்டு அலறியடித்து இறங்கினார். மயில் வராமல் இருப்பதற்காக வயல் முழுக்கக் கயிறு கட்டிப் பழைய சிடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். எப்படியும் நாற்பது இருக்கும். உள்ளே இறங்கி ஒவ்வொன்றாகத் திருப்பி லேபிளைப் படித்துக்கொண்டே போனார். முப்பத்தொன்றாவதில் கை வைக்கும்போது, "எவன்டா அது உளுந்துக்குள்ள?" என்று வரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். செருப்பு போனதில் அவருக்கு வருத்தம் இல்லை. மீதி ஒன்பதைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்றுதான் ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு வரனும் அவர் அறையை எட்டிப் பார்த்த பிறகு நின்றுபோனதாக அக்கா பட்டம்மாள் சொல்வாள். "சனியோட பேர எழுதி வீட்டுக்குள்ள அடுக்கி வச்சிருந்தா எவ வருவா?" என்பது அவள் கட்சி. அக்கா புருஷன் அருண்குமாரின் பத்தாவது வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து கீழே அக்காவும் மகனும், மாடியில் தேவநாதன். தகப்பன் இடத்தில் நிற்க வேண்டிய சபையில் எல்லாம் தாய்மாமன்தான் நின்றார். அதனால்தான் அருண்குமாருக்குப் பெண் பார்க்கச் சிதம்பரம் கிளம்பியபோது அவரை விட்டுவிட்டுப் போக அக்காவுக்கு வழியில்லாமல் போயிற்று.

காரில் ஏறியதும் பட்டம்மாள் ஆரம்பித்தாள்.

"டேய் தேவா, அங்க வந்து நீ வாயத் தொறக்காத. கேட்டா பேசு. பஜ்ஜி சொஜ்ஜி காபி, அவ்ளோதான். சாப்புடச் சொன்னா, நிச்சயம் ஆவட்டும், அப்பறம் கை நனைக்கிறோம்னு சொல்லு."

"தெரியும்க்கா."

"அவுங்க வீட்லேர்ந்து ஒரு துரும்பு எடுத்துக்கிட்டு வரக்கூடாது. இது வேணும் அது வேணும்னு ஒரு வார்த்த வரக்கூடாது. நம்ம கேக்கற குடும்பம் இல்ல."

பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அதனால் சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் யாரும் அங்கே கை நனைப்பதில்லை. இது தெரியாதவரா தேவநாதன்? எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினார்.

பெண் வீடு கனகசபை நகரில் இருந்தது. பெண்ணின் அப்பா ஆண்டிக்குக் கீரப்பாளையத்தில் உரக்கடையும் கொஞ்சம் நிலமும் உண்டு. அம்மா தில்லையம்மாள். ஒரே பெண் இளமதி, புவனகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஆண்டி வாசலுக்கே வந்து கும்பிட்டு அழைத்துப் போனார். தேவநாதனை மட்டும் இரண்டு தடவை உற்றுப் பார்த்து, "எங்கயோ பாத்த மொகமா இருக்குது" என்றார்.

"கண்ணாடி வாங்க வந்திருப்பீங்க" என்றாள் பட்டம்மாள், தம்பி வாயைத் திறப்பதற்குள்.

கூடத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே கண்ணாடி போட்ட ஷோகேஸ். அதில் பிளாஸ்டிக் தாஜ்மகால், பள்ளிக்கூடக் கப்புகள், சங்கு. மேல்தட்டில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு. விளக்குக்குப் பின்னால், சுவரோரமாக, தலையில் ஹெல்மெட் மாட்டிய ஒரு பெண்ணின் முகம் பாதி தெரிந்தது. நாச்சியார். சிடி அட்டையின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் பதிமூன்று.

தேவநாதன் கையில் இருந்த பஜ்ஜி சட்னிக்குள் விழுந்தது. இளமதி காபித் தட்டோடு வந்தாள், எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அருண்குமார் பார்த்த பார்வையிலேயே அவன் கதை முடிந்துவிட்டது. தேவநாதன் மட்டும் அவள் தோளுக்கு மேலே எட்டி ஷோகேஸையே பார்த்துக்கொண்டிருந்தார். இளமதி ஒரு தடவை திரும்பி, அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்த்தாள். அதன் பிறகு அவருக்குக் காபியைக் கொஞ்சம் வேகமாகவே வைத்தாள்.

பிள்ளையையும் பெண்ணையும் மாடிப்படி அருகில் ஐந்து நிமிடம் பேசவிட்டார்கள். "போன்ல சார்ஜ் இல்லன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டதும், "தூங்கிடுவேன்" என்று அவன் சொன்னதும், அவள் சிரித்ததும் கூடத்துக்குக் கேட்டது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. ஆண்டி தொண்டையைக் கனைத்தார்.

"எங்களுக்கு ஒரே பொண்ணு. எங்களால ஆனத செய்வோம். இருந்தாலும் நீங்க என்ன எதிர்பாக்கறீங்கன்னு வாய் விட்டு சொல்லிட்டா நல்லது."

"ஐயையோ, நாங்க ஒண்ணும் எதிர்பாக்கலீங்க" என்றாள் பட்டம்மாள். "பொண்ணு வந்தா போதும்."

இந்த இடத்தில் தாய்மாமன் "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதோடு வெற்றிலைபாக்கு வந்துவிடும். அது சாத்திரம்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும்" என்றார் தேவநாதன்.

பட்டம்மாள் தம்பியின் தொடையில் கிள்ளினாள். அது அவருக்கு உறைக்கவில்லை.

"சொல்லுங்க" என்றார் ஆண்டி. குரலில் இருந்த இனிப்பு போய்விட்டது.

"அந்த ஷோகேஸ்ல, மேல் தட்டுல இருக்குது பாருங்க, அது."

எல்லாத் தலையும் திரும்பியது. தில்லையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அது எங்கம்மா எனக்குப் போட்ட விளக்குங்க" என்றாள்.

"விளக்கு வேணாங்க! விளக்குக்குப் பின்னால. அந்த சிடி."

"என்ன சிடி?"

ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம், நடுவில் மஞ்சள் குங்குமத் தட்டு. அதை வைத்துக்கொண்டு தேவநாதன் நெஞ்சு நிறையச் சொன்னார்: "சனிக்கோள் நிலையம்."

"சிவசிவா" என்று தில்லையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆண்டி மெதுவாக எழுந்தார்.

"இரு, இரு. எங்கயோ பாத்தோமேன்னு அப்பத்துலேர்ந்து யோசிக்கிறேன். போன மாசியில என் உளுந்துல பூந்து சிடிய திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டு இருந்தது நீதான?"

தேவநாதன் பொய் சொல்லத் தெரியாதவர். "செருப்பு அங்கதான் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இளமதி ஷோகேஸைத் திறந்து அந்தச் சிடியை எடுத்தாள். "அங்கிள், இது என்னுது. இத யாருக்கும் குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெற்றிலைபாக்கு வரவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். தேவநாதன் இரண்டே உண்மை சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்தினார்.

திரும்பும்போது முட்லூர் வரைக்கும் பட்டம்மாள் பேசவில்லை. அதற்கு மேல் கடலூர் வரைக்கும் அவள் மட்டும்தான் பேசினாள். "காரு கேட்டிருந்தாகூட மரியாதையா இருந்திருக்கும்டா. குடுக்கறேன்னுவாங்க, முடியாதுன்னுவாங்க, பேசி முடிக்கலாம். மாப்ள வீட்ல பைத்தியம் இருக்குன்னு ஆயிப்போச்சே, அதுக்கு எங்க போயி பேரம் பேசறது?"

மூன்றாம் நாள் ஆண்டி போன் பண்ணினார். ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டினார்களாம், பொருத்தம் இல்லை என்றாராம். பத்துக்கு எட்டு இருந்தது மூன்றே நாளில் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட சமயத்தில் ஜாதகம்தான் பழியை ஏற்றுக்கொள்ளும், அதற்குத்தான் அதை எழுதி வைப்பது.

அருண்குமார் திட்டியிருந்தால் தேவநாதனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. கடைக்கு வந்தான், கொஞ்ச நேரம் ஃபிரேம்களைத் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, அந்தப் பொண்ண எனக்குப் புடிச்சிருந்துது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான்.

தேவநாதனுக்கு அது நேராக நெஞ்சில் இறங்கியது. அந்தப் பிள்ளை இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை. பேனா, சைக்கிள், காலேஜ் ஃபீஸ் எல்லாம் அவராகப் பார்த்துச் செய்ததுதான். முதல் தடவையாக ஒன்றை வேண்டும் என்று சொல்கிறான், அதைக் கெடுத்தவரும் அவரேதான். அதைவிட வெட்கம் ஒன்று இருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் கண்ணை மூடினால் அவருக்கு அந்தச் சிடிதான் தெரிந்தது. தன்னைப் பார்த்தே அவருக்கு அசிங்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு சிடிகளையும் எடுத்துக் கடைக்குப் போனார். ஒவ்வொன்றாக லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்து, நேர்க்கோடாகத் துடைத்து, உறையில் போட்டார். மஞ்சப்பையில் அடுக்கினார். மேலே வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பழம், மஞ்சள் குங்குமம். அக்காவிடம் சொல்லவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னபோது முறைத்தார்.

கதவைத் திறந்த ஆண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ணே. குடுத்துட்டுப் போவ வந்திருக்கேன். ஒரு தட்டு மட்டும் குடுங்க."

தில்லையம்மாள் எட்ட நின்றபடியே ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டினாள். தேவநாதன் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலைபாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்து, நடுவில் பன்னிரண்டு சிடிகளை வரிசையாக அடுக்கினார்.

"பொண்ணு வீட்ல மாப்ள வீட்டுக்காரன் கேக்கக் கூடாது. எங்கக்கா கேக்கல, புள்ளையும் கேக்கல. நான்தான் கேட்டுட்டேன். நம்ம பக்கத்துல முறை என்னண்ணே? மாப்ள வீட்லேர்ந்துதான பொண்ணுக்குப் பரிசம் போடணும்? எங்கிட்ட இருக்கறதுலயே ஒசத்தி இதுதான். ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இருக்குது. பாப்பாகிட்ட பதிமூணு இருக்குது. இது அதோட சேரட்டும். செட்டு சேந்து ஒரு எடத்துல இருந்தா சரிண்ணே. அது எங்க இருந்தா என்ன?"

எங்கே இருந்தால் என்ன என்பது சுத்தப் பொய். பொய் சொல்லத் தெரியாதவர் சொன்ன பொய் என்பதால் அது ஆண்டிக்கு உடனே தெரிந்தது.

ஆண்டி வரன் முடிக்கிற பேச்சை எத்தனையோ பார்த்தவர். இப்படி ஒன்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குப் புரியவில்லை. "பாப்பா, இங்க வா" என்று மட்டும் கூப்பிட்டார்.

இளமதி வந்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு அப்பா, அங்கிள், மரியாதை எல்லாம் மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே இருந்த சிடியை எடுத்து முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள்.

"ஒண்ணாம் நம்பர்" என்றாள். "அப்பா, இது ஒண்ணாம் நம்பர்ப்பா."

"பதிமூணுல நாச்சியார் என்னம்மா ஆனா?" என்று கேட்க வாயெடுத்த தேவநாதன், எப்படியோ அடக்கிக்கொண்டார். அவள் அடுத்துச் சொன்னதில் அவருக்கு அந்தக் கேள்வியே மறந்துபோயிற்று.

"நான் அத இன்னும் பாக்கல அங்கிள்."

"என்னம்மா சொல்ற?"

"எனக்குப் பத்து வயசு இருக்கும்போது மேல வீதியில ஒரு வீடியோ கடைய மூடிட்டாங்க. அப்பா வயலுக்குக் கட்டறதுக்கு ஒரு மூட்ட சிடி வாங்கியாந்தாரு. அதுல இந்தப் படம் இருந்துது. பொம்பள ஒருத்தி ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிக்கிறா, பின்னாடி சனி கிரகம். நான் எடுத்து வச்சிக்கிட்டேன். அட்டையில இறுதிப் பகுதின்னு போட்டிருந்துது. ஆரம்பம் தெரியாம முடிவ எப்படிப் பாக்கறது? மத்தத தேடிக்கிட்டே இருந்தேன். கெடைக்கல. அதனால பாக்கல."

"ஒரு தடவகூடவா போட்டுப் பாக்கல? பதினாறு வருஷமா?"

"எப்படிங்க பாக்கறது?" என்றாள் அவள், அவர் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

"இவ பிசிக்ஸ் படிச்சதே இந்த அட்டைக்காரிய பாத்துத்தான்" என்று தில்லையம்மாள் அலுத்துக்கொண்டாள். "நர்சுக்குப் படின்னா கேக்கல. நவராத்திரி கொலுவுல இத வேற தூக்கி வப்பா."

ஆண்டி மகளைப் பார்த்தார். தேவநாதனைப் பார்த்தார். மறுபடியும் மகளைப் பார்த்தார். இரண்டு பேரும் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஏழாம் நம்பர் உறையில் இருக்கும் சின்னக் கிழிசலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டிருந்தார்கள்.

"தில்ல," என்றார் ஆண்டி, "எலையப் போடு."

தேவநாதன் பதறி எழுந்தார். "இருக்கட்டும்ணே. நிச்சயம் ஆவட்டும், அப்பறம் கை நனைக்..." பாதியில் நின்றுவிட்டார்.

"அதான் ஆயிடுச்சின்றேன். கைய நனை தம்பி." ஆண்டி சிரித்துவிட்டார். "ஒங்க வீட்ல ஒரு லூசு இருக்குதுன்னுதான் வேணாம்னு சொன்னேன். என் வீட்லயே ஒண்ண பெத்து வளத்து வச்சிக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட அத சொல்றது? அந்தப் பையன் இவள சமாளிச்சிடுவான். ஒன்னையே சமாளிச்சி வளந்தவன்தான?"

சாம்பார், வாழைக்காய் வறுவல், ரசம், அப்பளம். தேவநாதன் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். மருமகன் முகம் நினைவுக்கு வந்து இரண்டு தடவை கை இலையிலேயே நின்றது. மூன்றாம் தடவை ரசம் ஊற்றச் சொன்னார்.

கிளம்பும்போது இளமதி வாசல் வரைக்கும் வந்தாள். "சித்தப்பா" என்றாள். மாமியாரின் தம்பிக்கு அதுதான் முறை. அங்கிள் சித்தப்பாவாகிவிட்டார் என்றால் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் கையில் பதிமூன்றாம் நம்பர் சிடி இருந்தது.

"இந்தாங்க. நீங்க பாத்துட்டு கல்யாணத்துக்குக் கொண்டாங்க. எங்க ஸ்கூல் பழைய லேப்டாப்பு வீட்லதான் இருக்குது, அதுல சிடி ஓடும், நான் ஒண்ணுலேர்ந்து பாத்துக்கிட்டு வர்றேன். முடிவ மட்டும் எனக்கு சொல்லிடாதீங்க."

வீட்டுக்கு வந்து அவர் விஷயத்தைச் சொன்னபோது பட்டம்மாள் முதலில் நம்பவில்லை. ஆண்டிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நம்பினாள். பிறகு தம்பியின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள், குட்டிய கையாலேயே திருஷ்டி கழித்தாள். அருண்குமார் மாமாவின் செருப்பைக் குனிந்து நேராக எடுத்து வைத்தான்.

மறுநாள் காலையில் தேவநாதன் கடை திறக்கவில்லை. குளித்து, விபூதி பூசி, மாடிக் கதவைச் சாத்தினார். சிடியைத் துடைத்துத் தட்டில் வைத்தார். பிளேயர் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. திரை நீலமாகி, பிறகு சனிக்கோள் வந்தது. அந்தப் பழைய இசை ஆரம்பித்தபோது அவர் கண்ணில் நீர் முட்டியது. 'பகுதி இருபத்தைந்து' என்று எழுத்து வந்தது.

அவர் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினார்.

நாச்சியார் பூமிக்கு வந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அதை ஓடிப் போய் யாரிடம் சொல்வது? அக்காவிடம் சொன்னால், "யாரு அவ?" என்பாள். வாட்சப் குழுவில் மற்ற மூன்று பேரும் வருடத்துக்கு ஒரு தடவை பொங்கல் வாழ்த்து போடுவதோடு சரி. உலகத்திலேயே இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கக்கூடிய ஆள் ஒருத்திதான், அவளிடம்தான் சொல்லவே கூடாது. இத்தனை வருடமும் முடிவு தெரியவில்லையே என்று தவித்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் திரும்பி, "பாத்தியா?" என்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் போன தவிப்பும் அதில் பாதி இருந்திருக்கிறது. வெறும் அறையில் உட்கார்ந்து அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

சிடியை வெளியே எடுத்து உறையில் போட்டார். ஆண்டி நம்பருக்குப் போன் செய்து பாப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"சித்தப்பா! பாத்துட்டீங்களா? சொல்லாதீங்க, சொல்லாதீங்க!"

"இல்லம்மா. பாக்கல."

"ஏன்? பிளேயர் ரிப்பேரா?"

"பிளேயர் நல்லாத்தான் இருக்குது. நீ இருபத்துநாலு வரைக்கும் வந்துடு. அப்பறம் கடைசி ரெண்டையும் சேந்து பாக்கலாம்."

"எனக்காகவா சித்தப்பா?" என்று கேட்டாள்.

"ஒனக்காக இல்லம்மா, எனக்காகத்தான்" என்றார் தேவநாதன். உடனே, "சரி, இப்ப எத்தனாவது ஓடுது?" என்று கேட்டார்.

"மொதப் பகுதி நேத்து பாத்துட்டேன். சூப்பரா இருக்குது! அடுத்தது வர ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழமையா? ஏன்?"

"டிவியில அப்படித்தான போட்டாங்க? வாரத்துக்கு ஒண்ணு. அதே மாதிரி பாத்தாத்தான சித்தப்பா நல்லா இருக்கும்?"

தேவநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்னும் இருபத்துமூன்று ஞாயிறு. கல்யாணம் முடிந்து, தாலி பிரித்துக் கோர்த்து, ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுகிற வரைக்கும் இழுக்கும் போலிருந்தது.

"அம்மா இளமதி," என்றார். தொடரைப் பற்றிப் பேசும்போது தேவநாதன் யாரிடமும் இவ்வளவு பணிவாகப் பேசியது கிடையாது. "எனக்கு நாப்பத்தேழு வயசு ஆவுதும்மா. வாரத்துக்கு ரெண்டா பாரு."